திரும்பியது யார்?

எங்கள் தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் ஒரு மாமி இந்தி சொல்லிக்கொடுப்பார். பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று வரிசையாகத் தேர்வுகள். எனக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ‘நே’ வந்து சேரும்வரை.

‘ராம் ஆயா’ என்றால் ராமன் வந்தான். ‘ராம்னே ரோட்டி காயீ’ என்றால் ராமன் ரொட்டி சாப்பிட்டான். வரும்போது வெறுமனே வந்த ராமனுக்குச் சாப்பிடும்போது மட்டும் எதற்கு ஒரு வால்? அதோடு விட்டதா? சாப்பிட்டவன் ஆண்; வினை முடிவதோ பெண்பாலில், ரொட்டி பெண்பால் என்பதால். சாப்பிட்டவனை அம்போ என்று விட்டுவிட்டு ரொட்டியோடு போய் ஒட்டிக்கொள்ளும் வினைச்சொல்லை நான் அதுவரை கண்டதில்லை. மாமியிடம் கேட்டேன்.

“கேள்வி கேக்காதேடா. பூதகாலம், சகர்மக் கிரியைன்னா ‘நே’ போடு. லானா, போல்னா, பூல்னா மூணுக்கும் போடாதே. அவ்வளவுதான்.”

இறந்தகாலத்தில், செயப்படுபொருள் ஏற்கும் வினை வந்தால் ‘நே’; கொண்டுவருதல், பேசுதல், மறத்தல் மூன்றும் விலக்கு. மனப்பாடம் செய்தேன், தேறினேன், மறந்தேன். அந்த வாலுக்கு மொழியியலில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியவே இருபது வருடமாயிற்று. எர்கடிவ். வேலை செய்பவன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் அது இறந்தகாலத்தோடு அடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் மழைக்காட்டில் ஒரு மொழி இந்தச் சங்கதியைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறது. சில மாதங்களாக என் இரவுகளை அதுதான் தின்கிறது.

அந்த மொழியின் பெயர் ஜிர்பல். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடகிழக்குக் கரையில், டல்லி, மர்ரே ஆறுகளைச் சுற்றிய காடுகள் அதன் இடம். டல்லி என்கிற ஊரில் 1950-ஆம் ஆண்டு பெய்த மழையைக் கணக்கு வைத்து, அதே உயரத்துக்கு ஒரு ராட்சத மழைக்கால பூட்ஸைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். 7.9 மீட்டர். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது ஒன்றரை மீட்டரைத் தொட்டால் பெரிது.

1963-இல் பிரிட்டனிலிருந்து டிக்சன் என்ற 24 வயது இளம் மொழியியலாளர் அங்கே போனார். குளோயி கிராண்ட், ஜார்ஜ் வாட்சன் முதலியோர் அவருக்கு மொழி சொல்லிக்கொடுத்தார்கள். 1972-இல் அவர் எழுதிய ஜிர்பல் இலக்கணம் நூலாக வந்தது. உலக மொழிகளைப் பற்றிப் பேசுகிற எந்த மொழியியல் பாடத்திலும் இந்தச் சின்ன மொழி இன்று தலைகாட்டாமல் இருக்காது.

மொழிக்குள் போகுமுன் ஒரு சின்ன சந்தோஷம். நம் ‘ங’ வரிசை இருக்கிறதே, ஙா, ஙி, ஙு என்று அரிச்சுவடியில் உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டு வாழ்நாளில் ஒருமுறைகூட எழுதாமல் விடுகிறோமே, அதற்கெல்லாம் ஜிர்பலில் வேலை இருக்கிறது. அப்பாவுக்கு அங்கே ‘ஙும’. அம்மா ‘யபு’. வல்லினத்தில் நம்மைப்போலவே ஒரே வரிசை. க-வும் அதன் கனத்த ஒலியும் தனித்தனி எழுத்துகள் அல்ல. ரகரத்தில் இரண்டு. அதில் ஒன்று நாக்கை மடித்து ஒலிப்பது, ழகரத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி. ரோமன் எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் அந்த மொழி அழகாக உட்காருகிறது.

(உடனே குமரிக்கண்டம் வழியாக நடந்து போய்விட வேண்டாம். திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் உறவு உண்டா என்ற யோசனை 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. உறவு என்று சொல்லத்தக்க சான்று இதுவரை கிடைக்கவில்லை. ஒலி ஒத்துப்போவது வேறு, ஒரே வயிற்றில் பிறப்பது வேறு. வாட்ஸ்அப்பில் வருவதை நம்புகிறவர்களிடம் இதைச் சொல்லி நான் ஏற்கெனவே இரண்டு நண்பர்களை இழந்திருக்கிறேன்.)

இப்போது வாக்கியம்.

ஙும பனகஞு. அப்பா திரும்பினார்.
யபு பனகஞு. அம்மா திரும்பினார்.

இதில் ஒன்றுமில்லை. அடுத்தது:

ஙும யபுங்கு புழன்.

‘புழன்’ என்றால் பார்த்தல். அப்பா, அம்மாங்கு, பார்த்தல். தமிழ்க் காது ‘ங்கு’ என்றதும் நான்காம் வேற்றுமை என்று தாவும். அப்பா அம்மாவைப் பார்த்தார் என்று அர்த்தம் பண்ணும். நானும் அப்படித்தான் தடுக்கி விழுந்தேன். சரியான பொருள்: அம்மா அப்பாவைப் பார்த்தார். ‘ங்கு’ ஏறியிருப்பது பார்த்தவர்மேல். பார்க்கப்பட்டவர் எந்த உருபும் இல்லாமல், ‘அப்பா திரும்பினார்’ வாக்கியத்தில் இருந்தாரே அதே கோலத்தில், சும்மா நிற்கிறார்.

திரும்பியவர், பார்த்தவர், பார்க்கப்பட்டவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் முதல் இருவரை ஒரே வீட்டில் வைத்து எழுவாய் என்கிறது. மூன்றாமவருக்கு ‘ஐ’ கொடுத்துத் தனி அறைக்கு அனுப்புகிறது. ஜிர்பல் திரும்பியவரையும் பார்க்கப்பட்டவரையும் ஒரு வீட்டில் வைக்கிறது. தனியறை பார்த்தவருக்கு.

அப்படியென்றால் இது செயப்பாட்டுவினைதானே, ‘அம்மாவால் அப்பா பார்க்கப்பட்டார்’ மாதிரி? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தோன்றுவதற்குக் காரணமும் இருக்கிறது. நம் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ கருவிக்கும் கருத்தாவுக்கும் பொது: வாளால் வெட்டினான், தச்சனால் செய்யப்பட்டது. ஜிர்பலிலும் அந்த ‘ங்கு’ செய்தவருக்கும் செய்த கருவிக்கும் ஒன்றேதான். ஆனாலும் இது செயப்பாட்டுவினை இல்லை. நமக்குச் செயப்பாட்டுவினை என்பது சுற்றுவழி. ‘படு’ என்று ஒரு துணைவினையைக் கூட்டிச் செய்கிற வேலை. பேச்சில் யாரும் அப்படிப் பேசுவதுகூட இல்லை, நீதிமன்றத் தீர்ப்பிலும் அரசாணையிலும்தான் அது வாழ்கிறது. ஜிர்பலில் ‘ஙும யபுங்கு புழன்’ என்பதுதான் நேர்வழி. எந்தச் சேர்க்கையும் இல்லாத சாதாரண வாக்கியம் அது.

இதுவரை வந்தது உருபு விவகாரம். உலகில் பல மொழிகள் இந்த அளவுக்கு எர்கடிவ்தான்: பாஸ்க், ஜார்ஜியன், ஓரளவுக்கு இந்தி, அமேசான் காட்டில் மத்செஸ், ஷிபிபோ. அவற்றில் பெரும்பாலானவற்றில் உருபைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் உள்ளே வாக்கியத்தின் எலும்புக்கூடு நம்முடையதைப் போலத்தான் இருக்கும். சட்டை மட்டும் வேறு. ஜிர்பலில் எலும்பே வேறு. அதைக் காட்ட ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

ஙும யபுங்கு புழன் பனகஞு.

அம்மா அப்பாவைப் பார்த்தார், திரும்பினார். திரும்பியது யார்?

தமிழில் ‘அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்’ என்றால், திரும்பியது அம்மா. ‘ஆர்’ விகுதி இருவருக்கும் பொருந்தும், இருந்தும் சந்தேகமே வராது. ஏன் என்று கேட்டால் பலரும் ‘அர்த்தம் அப்படி’ என்பார்கள். அர்த்தம் அல்ல, அது இலக்கணம். செய்து, செய்யூ, செய்பு என்று வரும் எச்சங்களைப் பற்றித் தொல்காப்பியம் ‘முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்கிறது. பார்த்தது யாரோ அவரே திரும்பவும் வேண்டும். ‘மழை பெய்து குளம் நிரம்பியது’, ‘கை ஒடிந்து வீழ்ந்தான்’ என்று விலக்குகள் உண்டு, உரையாசிரியர்கள் அவற்றோடு மல்லுக்கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் ஊரறிந்த விதி அதுதான்.

ஜிர்பலில் திரும்பியது அப்பா. அங்கேயும் சந்தேகமே வராது. இரண்டு வினைகளை ஒரு சரட்டில் கோர்க்க வேண்டுமென்றால் இரண்டிலும் உருபில்லாமல் நிற்கிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ‘புழன்’ என்பதில் சும்மா நிற்பவர் பார்க்கப்பட்ட அப்பா. ‘பனகஞு’ என்பதில் சும்மா நிற்பவர் திரும்பியவர். ஆகவே திரும்பியவர் அப்பா. யாரும் யோசித்துப் பார்த்து ஊகிப்பதில்லை, நாம் ஊகிக்காததைப் போலவே.

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. செய்பவன்தான் வாக்கியத்தின் சொந்தக்காரன், மற்றவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள் என்பது உலக நியதி என்று நினைத்திருந்தேன். ‘எழுவாய்’ என்ற பெயரே, வாக்கியம் எழும் இடம் என்று, அப்படி நினைக்க வைக்கிறது. ஜிர்பலில் எழுவாய் எங்கே? பார்த்த அம்மாவா, பார்க்கப்பட்ட அப்பாவா? அந்தக் கேள்விக்கு அந்த மொழியில் இடமே இல்லை.

சரி, ‘அம்மா அப்பாவைப் பார்த்தார், அம்மா திரும்பினார்’ என்று சொல்ல ஜிர்பல்காரருக்கு ஆசை வந்தால்? நம் ‘படு’ மாதிரி அவர்களும் ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறார்கள், எதிர்த்திசையில் போகிற வழி.

யபு புழல்ஙஞு ஙுமகு பனகஞு.

வினைக்குள் ஒரு ‘ங’ புகுந்துவிட்டது. அது வந்ததும் அம்மாவின் ‘ங்கு’ கழன்று அவர் சும்மா நிற்கிறார். அப்பாவுக்குக் ‘கு’ மாட்டி ஓரமாக உட்கார வைக்கிறார்கள். இது நிஜமாகவே நான்காம் வேற்றுமைதான். இப்போது திரும்புவது அம்மா. நாம் செயப்படுபொருளை மேடையேற்ற ஒரு துணைவினை கூட்டுகிறோம், அவர்கள் செய்தவரை மேடையேற்ற ஒரு ‘ங’ கூட்டுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகு, நான், நீ என்று பேச ஆரம்பித்தால் ஜிர்பல் திடீரென்று தமிழாகிவிடுகிறது! ‘ஙன’ என்றால் நாங்கள், ‘ஞுர’ என்றால் நீங்கள். நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள் என்பதற்கு ‘ஞுர ஙனன புழன்’. பார்த்த ‘நீங்கள்’ சும்மா நிற்கிறது. பார்க்கப்பட்ட ‘எங்கள்’மேல் ‘ன’ என்று உருபு, அப்படியே நம் ‘ஐ’. ஒரே மொழிக்குள் பெயர்ச்சொல்லுக்கு ஒரு சட்டம், தன்மை முன்னிலைக்கு இன்னொன்று.

1976-இல் மைக்கேல் சில்வர்ஸ்டீன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பேசுகிறவனும் கேட்கிறவனும் ஏணியின் மேல்படி. பிறகு மனிதர்கள், விலங்குகள், கடைசியில் சடப்பொருள்கள். மேலே இருப்பவர்கள் செய்பவர்களாக வருவது இயல்பு, அவர்கள் செயப்படுபொருளாக வந்தால்தான் ஒரு குறி வேண்டும். கீழே இருப்பவை செயப்படுபொருளாக வருவது இயல்பு, அவை எதையாவது செய்துவிட்டால் குறி வேண்டும். ஜிர்பல் இந்த ஏணியை நடுவில் வெட்டி, மேல்பாதிக்கு ஒரு சட்டமும் கீழ்ப்பாதிக்கு ஒரு சட்டமும் வைத்திருக்கிறது.

இதைப் படித்தபோது நான் ஜிர்பலை விட்டுவிட்டு நம் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ‘புத்தகம் படித்தான்’ என்கிறோம், ‘மரம் வெட்டினான்’ என்கிறோம். ‘குழந்தை பார்த்தான்’ என்று சொல்ல முடியுமா? குழந்தையைப் பார்த்தான். ‘நான் அடித்தான்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது; என்னை அடித்தான். ‘ஐ’ எங்கே தொகலாம், எங்கே தொகக்கூடாது என்று நாம் தினமும் போடுகிற கணக்கும் அதே ஏணிதான். இலக்கணப் புத்தகம் ‘இரண்டாம் வேற்றுமைத் தொகை’ என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டது, நானும் கூடவே நகர்ந்திருந்தேன்.

இன்னொரு வேடிக்கை. மேலே சொன்ன ‘ஞுர ஙனன புழன்’ வாக்கியம் உருபில் நம்மைப்போல. அதனோடு ‘பனகஞு’ சேர்த்தால் திரும்புவது யார்? நாங்கள்! பார்க்கப்பட்டவர்களேதான். உருபு தமிழாக மாறினாலும் எலும்பு மாறவில்லை.

ஜிர்பல் என்றவுடன் வெளியே பிரபலமாக இருப்பது இதெல்லாம் இல்லை, அதன் நான்கு பெயர்ப் பகுப்புகள். பயி, பலன், பலம், பல. (தமிழ்ச் சொற்கள் அல்ல, தற்செயல்தான்.) ஆண்கள், கங்காரு, பெரும்பாலான பாம்பு, மீன், நிலா எல்லாம் பயி. பெண்கள், சூரியன், நெருப்பு, தண்ணீர், பெரும்பாலான பறவைகள், தேள் எல்லாம் பலன். சாப்பிடக்கூடிய காய்கனியும் தேனும் பலம். மற்றது எல்லாம் பல. பெண்ணும் நெருப்பும் ஆபத்தும் ஒரே கூடையில் என்று கேட்டவுடன் வெளியுலகம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சிரித்தது. டிக்சன் தரும் கணக்கு வேறு: கதையில் நிலா கணவன், சூரியன் மனைவி, அதனால் சூரியன் பெண்கள் கூடையில். சூரியனைப் பிடித்துக்கொண்டு நெருப்பு. பறவைகள் இறந்துபோன பெண்களின் ஆவி. வெயிலில் சுட்டதுபோல் எரிச்சல் தரும் ஒரு கம்பளிப்புழுவும் சூரியனைத் தொட்டுக்கொண்டு உள்ளே வருகிறது. பெண்ணும் நெருப்பும் ஒன்று என்று யாரும் நினைத்ததில்லை. மாமன் மச்சான் வழியில் ஒரே பத்திரிகையில் பெயர் போட்டுக்கொண்டவர்கள் மாதிரிதான். மக்களை உயர்திணை, பிறவற்றை அஃறிணை என்று தொல்காப்பியம் இரண்டே வெட்டில் முடித்த இடத்தில் இவர்கள் கதைகளைக் கொண்டு வெட்டியிருக்கிறார்கள்.

மாமியார் முன்னால் பேச அங்கே தனி மொழியே இருந்தது. ஜல்ங்ஙுய் என்பது அதன் பெயர். மாப்பிள்ளையும் மாமியாரும், மருமகளும் மாமனாரும் நேர்முகமாகப் பேசவே கூடாது. ஒருவர் காதில் விழும் தூரத்தில் மற்றவர் பேசினால் ஜல்ங்ஙுயில்தான் பேச வேண்டும். மருமகன் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று “சாப்பிடச் சொல்லுங்கோ” என்று சுவரைப் பார்த்துப் பேசிய பாட்டிகளை நமக்குத் தெரியும். ஆனால் சொற்களையே மாற்றிக்கொண்டு பேசியவர்கள் நம்மிடம் இல்லை. ஜல்ங்ஙுயில் ஒலியும் உருபும் ‘ங்கு’வும் அன்றாட மொழியில் உள்ளவையே. சொற்கள் மட்டும், தாத்தா பாட்டி உறவுப் பெயர்கள் நீங்கலாக, மொத்தமும் வேறு. சொற்களின் எண்ணிக்கையும் குறைவு. அன்றாட மொழியில் தனித்தனிப் பெயருள்ள பல வகைப் பல்லிகளுக்கு இங்கே ஒரே பெயர். 1930 வாக்கில் வழக்கொழிந்துவிட்ட இதை, நினைவில் வைத்திருந்த பெரியவர்களிடமிருந்து டிக்சன் எழுதிக்கொண்டார். அன்றாட மொழியில் எந்தெந்தச் சொற்களை அவர்கள் ஒரே குடும்பமாக எண்ணினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அகராதி கிடைக்காது.

மழைக்காடு என்றால் அமேசானைச் சொல்லாமல் முடியாது, ஆனால் அங்கே போனால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொலம்பியா, பிரேசில் எல்லையில் வாவ்பேஸ் ஆற்றுப் படுகையில் துயுகா என்ற மொழி. அங்கே ஒரே மொழி பேசுகிறவர்கள் அண்ணன் தங்கை முறை. பெண் எடுப்பதென்றால் வேற்று மொழிக்காரரிடம்தான் எடுக்க வேண்டும். துயுகாவில் ‘அவன் பந்து விளையாடினான்’ என்று வெறுமனே சொல்லவே முடியாது. பார்த்தேன் என்றால் வினை ‘வி’ என்று முடியும், சத்தம் கேட்டேன் என்றால் ‘தி’, மைதானத்தில் அவன் கால்தடம் கண்டேன் என்றால் ‘யி’. யாரோ சொன்னார்கள் என்பதற்கு ஒன்று, அப்படித்தான் இருக்கும் என்பதற்கு ஒன்று. ஆக ஐந்து.

நம்மிடம் இதன் விதை இருக்கிறது. ‘வந்தானாம்’ என்கிற ‘ஆம்’ ஒன்று போதும், நேரில் பார்க்காத பழியிலிருந்து தப்பிக்க. காலையில் ஈரமான தெருவைப் பார்த்து “ராத்திரி மழை பெஞ்சிருக்கு” என்கிறோம். “பெஞ்சுது” என்றால் விழித்திருந்து பார்த்த ஆள். ஆனால் நமக்கு அது விருப்பம். வேண்டுமென்றால் பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவலாம். துயுகா பேசுகிறவரை வாக்கியம் முடிவதற்குள் மடக்கி, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுகிறது.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொன்னால் ஒருவராவது, “அப்படின்னா செய்பவனுக்கு முக்கியத்துவம் கொடுக்காத, அகங்காரம் இல்லாத சமூகம்னு சொல்லு” என்பார். அழகான எண்ணம். ஆனால் பாஸ்க் மொழிக்காரரும் ஜார்ஜியரும் எர்கடிவ்தான். மாமி சொல்லிக்கொடுத்த இந்தியில் ‘மைனே’ என்று தொடங்குபவர்களிடம் அகங்காரத்துக்குப் பஞ்சம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இலக்கணத்திலிருந்து நேராக மனசுக்குக் குழாய் போட முடியாது. ஜிர்பல்காரர் செய்தவரை அறியாதவர் அல்லர். வினையைக் கோர்க்கும்போது ஊசியை வேறு துளையில் நுழைக்கிறார், அவ்வளவே.

1980-களின் தொடக்கத்தில் அனெட் ஷ்மிட் என்ற ஆய்வாளர் மர்ரே ஆற்றின் மேற்பகுதியில் ஜம்பன் குடியிருப்பில் இளையவர்களோடு இருந்து, அவர்கள் பேசும் ஜிர்பலைப் பதிவு செய்தார். பள்ளியிலும் கடையிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம். வீட்டில் பாட்டி பேசுவது புரியும், பேசினால் பெரியவர்கள் திருத்துவார்கள், திருத்தினால் கூச்சம், கூச்சம் வந்தால் ஆங்கிலம். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

1985-இல் வெளியான அவர் நூலில் மொழி படிப்படியாகக் கழல்வதைப் பார்க்கலாம். பாட்டிமார் ‘ங்கு’ உருபைச் சொல்லின் ஈற்றைப் பார்த்துப் பல வடிவங்களில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். பேரப்பிள்ளைகளிடம் அது குறைந்து ஒன்றிரண்டாகிறது, பிறகு அதுவும் விழுகிறது. நெருப்பும் தண்ணீரும் பெண்கள் கூடையிலிருந்து இறங்கி ‘பல’வுக்குப் போய்விடுகின்றன, ‘பலன்’ என்பதில் பெண்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். சொற்கள் இருக்கும் வரிசை ஆங்கிலத்தின் வரிசையாகிறது: அம்மா முதலில், பார்த்தல் நடுவில், அப்பா கடைசியில். ‘ங’ புகுத்தும் சுற்றுவழி தேவைப்படாமல் போகிறது. சொற்கள் என்னவோ இன்னும் அதே சொற்கள்தான், யபு, ஙும, புழன், பனகஞு. ஆனால் மொழி அதிகம் தேய்ந்துபோன பிள்ளைகள் இந்த நான்கையும் கோர்த்துச் சொல்லும்போது, திரும்புவது அம்மா.